கடைசியாகச் சாப்பிடுகிறவளால் 180 கிலோமீட்டர் போக முடியாது

நீண்ட தூர ட்ரையத்லானுக்குத் தயாராகும் ஆணைப் பார்த்தால், "எத்தனை மணி நேரத்துல முடிப்பீங்க?" என்று கேட்கிறார்கள். பெண்ணைப் பார்த்தால், "பிள்ளைங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்கும் போட்டிதான் ட்ரையத்லான். முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் பாதி தூரப் போட்டி ஒன்று 2019இல் கோவாவில் தொடங்கியது. முதலில் அந்தப் பாதி, பிறகு முழுசு என்று படப்பையில் இருந்துகொண்டு நான் தயாராகிறேன். எனக்கு வயது 38. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை.

இந்த விளையாட்டில் இருப்பவர்கள் வாயில் எப்போதும் இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று தியாகம், இன்னொன்று பேலன்ஸ். சினிமாவை விட்டேன், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டேன், நண்பர்களோடு உட்காருவதை விட்டேன் என்று ஆண்கள் பட்டியல் போடுவார்கள். அவர் ஐந்து மணி நேரம் சைக்கிள் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமையில் காய்கறி வாங்கியது யார்? பிள்ளையை டியூஷனில் விட்டது யார்? வியர்வை உப்பு பூத்த ஜெர்சியைத் துவைத்தது யார்? அது எந்தப் பட்டியலிலும் வராது. ஆண் செய்யும் தியாகத்துக்கு பில் மனைவியின் பெயரில் வருகிறது. அதே ஐந்து மணி நேரம் பெண் வெளியே போனால், குடும்பத்தையே தியாகம் செய்துவிட்டாள் என்கிறார்கள். அவர் செய்தால் ஒழுக்கம், நாம் செய்தால் திமிர்.

பெண்ணுடம்பு தாங்காது என்ற பழைய பல்லவியை முதலில் முடித்துவிடலாம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடியவர்கள் களைத்துப்போனார்கள் என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆனது. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்குள் வர 1984 ஆனது. இடையில் 1967இல், பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய காத்ரின் ஸ்விட்சரைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார் போட்டி நிர்வாகி ஒருவர். அவர் ஓடி முடித்தார். அதற்கும் முன்பே, 1959 செப்டம்பர் 29 அன்று, கொல்கத்தாவின் ஆரதி சாஹா ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்துவிட்டார். அதைச் செய்த முதல் ஆசியப் பெண் அவர்தான். ஹவாயில் 1978இல் நடந்த முதல் அயர்ன்மேனில் இறங்கிய 15 பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற ஒரே ஒரு பெண் இறங்கி, எல்லோரிலும் ஐந்தாவதாக வந்தார். 2009இல் கனடாவின் அல்ட்ராமேன் போட்டியை முடித்தவர் நம் நாட்டு அனு வைத்தியநாதன். அது மூன்று நாள் போட்டி. 10 கி.மீ. நீச்சல், சுமார் 420 கி.மீ. சைக்கிள், சுமார் 84 கி.மீ. ஓட்டம். 2016இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே 'எனிவேர் பட் ஹோம்', வீட்டைத் தவிர வேறெங்கும்!

ஆக, உடம்பு தாங்கும். தாங்காதது வீடு. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

2019இல் ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். ஈடுபடுகிறவர்கள் யார்? பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு.

299 நிமிடத்தை ஏழால் பெருக்குங்கள். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 35 மணி நேரம். முழு அயர்ன்மேனுக்குத் தயாராகும் ஒருவர் உச்சகட்ட வாரத்தில் பயிற்சி செய்வது சுமார் 15 மணி நேரம். அதைக் கேட்டு ஊரே வாயைப் பிளக்கிறது. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நம் அம்மாக்கள் வாரம் தவறாமல் செய்கிறார்கள். மெடலும் கிடையாது, ஓய்வு வாரமும் கிடையாது. அந்த 299க்கும் 97க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே வாரத்துக்கு 23 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஒரு அயர்ன்மேன் பயிற்சியும் அடங்கும், மிச்சத்தில் தூங்கவும் செய்யலாம். 'பெண்களுக்கு நேரம் இல்லை' என்பது பொய். நேரம் இருக்கிறது. அது அடுப்பங்கரையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மிச்சமிருக்கும் நேரத்தையும் ஊர் விடுவதில்லை. ட்ரையத்லான்காரர்களின் நேரம் காலை நாலு மணி முதல் ஆறு மணி வரை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் அந்த இருட்டில் ஓரகடம் போகும் லாரிகளும் ஷிஃப்ட் பஸ்களும் பறக்கும். ஆண்களுக்கு லாரி பயம் மட்டும்தான். எனக்கு லாரியோடு, பக்கத்தில் பைக்கை மெதுவாக்கி ஓட்டிக்கொண்டே வருகிறவனும் இருக்கிறான். "விடிஞ்சப்புறம் போயேன்" என்று அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். விடிந்தால் டிபன் பாக்ஸ் கட்டும் நேரம் வந்துவிடுமே! நான் விசாரித்த ஒரு நீச்சல் குளத்தில் 'லேடீஸ் பேட்ச்' காலை பதினொரு மணிக்கு. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நீச்சல் தேவைப்படாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். சரி, வீட்டுக்குள்ளேயே சைக்கிளை ட்ரெய்னரில் மாட்டி ஓட்டினால்? வீட்டில்தானே இருக்கிறாள் என்று ஆகிவிடும். இருபது நிமிடத்துக்குள் "அம்மா, சாக்ஸ் எங்க?" என்று குரல் வரும். அப்பா சோபாவில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் சாக்ஸ் கேட்பதில்லை.

நேரத்தைவிடப் பெரிய சண்டை சாப்பாட்டில் நடக்கிறது. இந்த விளையாட்டு பட்டினியில் ஓடாது. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும்போது மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் என எதுவாகவும் இருக்கலாம். திரும்பி வந்ததும் உடனே சோறும் முட்டையும் பருப்பும் வேண்டும். உழைப்புக்கு ஏற்பச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் தவறும், எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது. நம் வீடுகளில் நிலைமை என்ன? கணவர், பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பானையில் ஒட்டியதும் குழம்பில் அடியில் நின்றதும் பெண்ணுக்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். போட்டிக்குப் பெயர் அயர்ன்மேன். இரும்பு யார் உடம்பில் குறைகிறது என்று பாருங்கள்.

"ஏம்மா, ஆம்பள இன்னும் சாப்புடல, நீ தட்டப் போட்டுட்ட?" என்று அத்தை ஆரம்பத்தில் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தை மணிமங்கலம் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் மதகிலிருந்து ஏரிக்குள் குதித்து அக்கரைவரை நீந்தியவர். வயதுக்கு வந்த அன்றோடு அது முடிந்தது. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்றார்களாம். பிறகு அதே பெண்ணைத்தான் நடவுக்கு அனுப்பினார்கள். சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நின்றார். ஐந்து பிள்ளை பெற்றார். அப்போது ஒருவர்கூட இந்த உடம்பு தாங்குமா என்று கேட்கவில்லை. அடுத்தவருக்காக எட்டு மணி நேரம் தாங்கினால் பூமாதேவி. தனக்காக எட்டு மணி நேரம் தாங்கினால் அடங்காப்பிடாரி. இதைத்தான் நான் எதிர்க்கிறேன். பெண்ணின் பொறுமையைப் புகழ்ந்து புகழ்ந்தே அவள் ஆயுளைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

"இது வசதி உள்ளவங்க விளையாட்டு. இதுல என்ன பெண்ணியம்?" என்று தோழிகள் சிலர் கேட்கிறார்கள். சைக்கிளும் நுழைவுக் கட்டணமும் எல்லோருக்கும் எட்டாது, உண்மைதான். ட்ரையத்லானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையாவது வையுங்கள். டி.என்.பி.எஸ்.சி. படிப்பு, பாட்டு, சங்கக் கூட்டம், சும்மா மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பது என்று எதை வைத்தாலும் இதே கேள்விதான் வரும். "சமையலுக்கு ஆள் வெச்சுக்கோ" என்பதும் எனக்குப் பதில் ஆகாது. அந்த ஆள் இன்னொரு பெண். என் வீட்டுக்கு ஆறு மணிக்கு வர அவர் நாலு மணிக்கே தன் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும். சுமை தெரு தாண்டுகிறதே ஒழிய ஆணின் தோளுக்கு மாறவில்லை.

அதனால் என் வீட்டில் கணக்கை ஆணின் பக்கம் திருப்பினோம். "நான் ஹெல்ப் பண்றேன்" என்றார் கணவர். ஹெல்ப் வேண்டாம், பாதி வேலை உங்களுடையது என்றேன். நாள் பிரித்தோம். திங்கள், புதன், வெள்ளி காலை டிபனும் பள்ளிக்கூடப் பையும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை அடுப்பே அவருடையது. என்ன சமைப்பது, அரிசி எப்போது தீரும் என்று யோசிக்கும் வேலையும் சேர்த்து. இரண்டு மாதம் சண்டை நடந்தது. இட்லி கல்லாக வந்தது. பிள்ளைகள் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். இப்போது சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்: "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர், உன்ன இதுக்கெல்லாம் விடறாரே!" விடுவதற்கு நான் என்ன கொட்டகையில் கட்டிய மாடா? தன் பங்கு வேலையைச் செய்யும் ஆணுக்குப் புகழ் மாலை, செய்ய வைத்த பெண்ணுக்கு அவர் தயவு என்ற பெயர்.

வீட்டோடு இது முடியாது. 2021இல் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது. பெண்கள் தூரம் போக அரசால் வழி செய்ய முடியும் என்று அது காட்டியது. 2023இல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது பெரிய விஷயம். ஆனால் மேலே சொன்ன 299 நிமிடத்தை மாதக் கணக்காக்கி வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூடத் தேறாது. பணத்தோடு நேரமும் வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பெண்கள் இறங்கக்கூடிய பொது நீச்சல் குளம் புறநகரிலும் வேண்டும். விளக்கெரியும் சாலை ஓரம், வேலை முடிந்து வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் இரண்டும் வேண்டும். ஒரகடம் பகுதி ஆலைகளுக்குச் சாலையை அகலப்படுத்த முடிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

எப்படி பேலன்ஸ் செய்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கும் கல்லூரித் தோழிகளுக்குச் சொல்கிறேன். தராசின் ஒரு தட்டில் ஒருத்தியை மட்டும் நிற்க வைத்துவிட்டு, அவளையே முள்ளையும் நேராகப் பிடிக்கச் சொல்வதற்குப் பெயர்தான் பேலன்ஸ். அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த ஏழு நாள், உங்கள் வீட்டில் யார் எத்தனை நிமிடம் வேலை செய்கிறார்கள், யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். அப்பா பெயர், அண்ணன் பெயர் எல்லாம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சண்டை வரும், வரட்டும். சண்டை முடிந்த பிறகு, அம்மாவையும் உட்கார வைத்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தட்டைப் போடுங்கள்.