மின்சாரச் சட்டமும் வாக்காளரின் தீர்ப்பும்

பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலத்துக்கு உயரும் கைகளை, அவற்றை உயர்த்தியவர்களை அங்கு அனுப்பிவைத்த மக்கள் மறந்துவிடுவார்கள் என்பது நமது அரசியல்வாதிகள் பலரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதற்கு மின்சாரம் தொடர்பான சட்டங்களின் அண்மைக்கால வரலாறே சான்று. 2024 ஜூன் 6ஆம் திகதி இலங்கை மின்சாரச் சட்டமூலம் 103 வாக்குகள் ஆதரவாகவும் 59 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டு நிறைவேறியது. ஐந்து மாதங்கள் சென்று, நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலின் பின்னர், அன்று ஆளும் தரப்பில் அமர்ந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவைக்குத் திரும்பவில்லை. 2020இல் 145 ஆசனங்களைப் பெற்ற பொதுஜன பெரமுனவுக்கு மூன்று ஆசனங்களே எஞ்சின.

அந்தத் தோல்விக்கு மின்சாரம் மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். பொருளாதாரச் சரிவு, ஊழல், வரிசைகளில் கழிந்த நாட்கள் எனக் காரணங்கள் பல. ஆயினும் அந்தக் காரணங்கள் எல்லாம் மாதந்தோறும் ஒரே தாளில் எழுதப்பட்டு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தாள் மின்கட்டணப் பட்டியல்.

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டது. அதே ஆண்டு ஜூன் 9ஆம் திகதி, மின்சாரச் சட்டத்துக்கான திருத்தம் 120க்கு 36 என்ற வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது. புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டங்களை விரைவுபடுத்துவதே நோக்கம் என்று அரசாங்கம் சொன்னது. போட்டி விலைமனு கோரும் கட்டாயத்தை நீக்கி, விரும்பிய நிறுவனத்துக்குத் திட்டங்களை வழங்கவே இந்த ஏற்பாடு என்று எதிரணி குற்றஞ்சாட்டியது. ஓகஸ்டில், ஒன்பது ஆண்டுகளின் பின்னர் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீத உயர்வு வந்தது. அந்த உயர்வை வெளிப்படையாக எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜானக ரத்நாயக்க, அதே ஆண்டு மே 24ஆம் திகதி 123க்கு 77 என்ற பாராளுமன்ற வாக்குகளால் பதவி நீக்கப்பட்டார். கட்டணம் 2024இல் இரு தடவைகள் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் காயம் ஆறுவதற்கு முன்னரே, மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் 2024ஆம் ஆண்டுச் சட்டமும் வந்து சேர்ந்தது.

குடாநாட்டில் இதன் தாக்கம் எப்படி இருந்தது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. இங்கு ஆறு இல்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. நீரிறைக்கும் மோட்டாருக்கான செலவு கூடினால் தோட்டக்காரனின் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. மீனவனுக்கு ஐஸ் விலை ஏறுகிறது. மா அரைக்கும் ஆலைக்காரரும் தையற்கடைக்காரரும் தமது கூலியை உயர்த்த வேண்டியதாகிறது. 1990இல் வெளியேற்றப்பட்டு, பல்லாண்டு அகதி வாழ்வின் பின்னர் சோனகதெருவுக்குத் திரும்பி வந்து, இடிந்த சுவரை மீண்டும் எழுப்பிய குடும்பத்துக்கும் அதே பட்டியல்தான் வந்தது. கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் தமது விளக்குகளை எண்ணி எண்ணி எரிக்க நேர்ந்தது.

இந்தப் பின்னணியில்தான் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 2024 முடிவைப் பார்க்க வேண்டும். தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளைப் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றைக் கைப்பற்றியது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி இம்மாவட்டத்தில் முதலிடம் பெறும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 1994 முதல் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்தவரும், மேற்சொன்ன சட்டங்களைக் கொண்டுவந்த அரசாங்கங்களில் அமைச்சராக வீற்றிருந்தவருமான டக்ளஸ் தேவானந்தா தோற்றார். 2020இல் இங்கு அதிக விருப்பு வாக்குகளைப் பெற்ற அங்கஜன் இராமநாதனும் தோற்றார். அதேவேளை, அரசாங்கத்தில் இல்லாத தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரனும் தோற்றார். ஆகவே மக்களின் கோபம் ஆளும் தரப்பை மட்டும் தேடிச் செல்லவில்லை. ‘எமக்காக அங்கு இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?’ என்ற கேள்விக்குத் திருப்தியான விடை கிடைக்காத இடமெல்லாம் அது பாய்ந்தது.

ஆனால் அந்தக் கோபத்தின் விளைவு என்ன என்பதையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். ஆட்கள் மாறினார்கள். சட்டம் மாறியதா? எதிரணியில் இருந்தபோது 2024ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த தேசிய மக்கள் சக்தி, ஆட்சிக்கு வந்தபின் 2025 ஓகஸ்டில் அதற்குத் திருத்தம் கொண்டுவந்தது. தனியாருக்கு விற்கும் வழியை அடைத்து அரசுடைமையைப் பேணியதாக அது கூறிக்கொண்டது. எனினும் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் அடிப்படை ஏற்பாடு நீடித்தது. செலவுக்கேற்ற கட்டணம் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் நீடித்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைக்கப்பட்ட கட்டணம் ஜூனில் 15 வீதம் ஏறியது. வாக்காளன் தண்டனை வழங்கினான். தண்டிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கொள்கையோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய அனுபவமல்ல. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2009 ஜூனில் காபன் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்தை 219க்கு 212 என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையால் நிறைவேற்றியது. அது செனட் சபையைத் தாண்டவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டுத் தேர்தலில் அதன் விலையைப் பலர் செலுத்தினர். வேர்ஜீனியா மாநிலத்தின் நிலக்கரிப் பகுதியை 28 ஆண்டுகள் பிரதிநிதித்துவம் செய்த ரிக் பௌச்சர் அவர்களில் ஒருவர். அவுஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த காபன் கட்டணம், 2013இல் தொழிற்கட்சியின் ஆட்சி கவிழ்வதற்கு ஒரு காரணமாயிற்று. 2014இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவில், எரிபொருள் மீதான காபன் வரியில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுக்கப்படுவதாக அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. மக்கள் அதை நம்பவில்லை. இறுதியில் 2025 ஏப்ரல் முதலாம் திகதி, தேர்தலுக்குச் சில வாரங்களின் முன்னர், ஆளும் கட்சியே அந்த அறவீட்டை நிறுத்தியது.

இவற்றிலிருந்து சிலர் பெறும் பாடம், ‘காலநிலை பற்றியோ சக்தி பற்றியோ சட்டம் இயற்றினால் மக்கள் தோற்கடிப்பார்கள், ஆகவே தொடாமல் இருப்பதே நலம்’ என்பதாகும். இது தவறான பாடம் என்பது நமது கருத்து. குறிப்பாக வடக்கு மக்களைப் பற்றி எவரும் அப்படிக் கூற முடியாது.

எரிபொருளின் அருமையை இம்மண் அறிந்த அளவுக்கு நாட்டின் வேறெந்தப் பகுதியும் அறிந்ததில்லை. யுத்த காலத்தில் பல ஆண்டுகள் மின்சாரமின்றி, குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்துத் தேறியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். அழுக்கான மின்சாரத்தின் விலையையும் இம்மண் அறியும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் பாழான விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனம் ஒன்றுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு உத்தரவிட்டது. வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் தஞ்சம் புகுந்த புத்தளம் மாவட்டத்தில், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரித் தூசும் சாம்பலும் அயற்கிராமங்களின் தீராத முறைப்பாடு. சம்பூரில் மக்களை அகற்றிய நிலத்தில் அமையவிருந்த அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் பெறுவது நல்லது என்பதை இம்மக்களுக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை.

அப்படியாயின் எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது? கேட்காமல் செய்வதிலிருந்து பிறக்கிறது. மன்னாரில் 250 மெகாவாற், பூநகரியில் 234 மெகாவாற் எனத் திட்டமிடப்பட்ட அதானி குழுமத்தின் காற்றாலைகளை எடுத்துக்கொள்வோம். பூநகரி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்குவது. 2024 மே மாதத்தில் அமைச்சரவை, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையில் 20 ஆண்டுகளுக்கு அந்த மின்சாரத்தை வாங்க அங்கீகாரம் வழங்கியது. இதைவிடக் குறைந்த விலைக்குப் பெறமுடியும் என்று கூறியவர்களுக்குப் போட்டி விலைமனு என்ற அளவுகோல் இருக்கவில்லை. மன்னார் ஆயரும் சுற்றாடல் அமைப்புகளும் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஆட்சி மாறியபின் 2025 ஜனவரியில் அந்த விலை அங்கீகாரம் மீளப்பெறப்பட்டது. பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. இந்த நீண்ட கதையில் பூநகரியின் கமக்காரனிடமோ மீனவனிடமோ கருத்துக் கேட்டது யார்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டமும் இதே வகையானது. 2021 ஜனவரியில் அது சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. சீன நிறுவனம் போய், 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் இந்திய நிறுவனம் வந்தது. இரு பெரிய நாடுகளின் கவலைகள் மூன்று ஆண்டுகள் பேசப்பட்டன. டீசல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்த தீவு மக்களின் கவலை இடையில் காணாமற்போனது. தேசிய மின்வலையமைப்புக்குச் செலுத்தப்படாத மின்சாரத்துக்கான இடங்களையும் வசதிகளையும் மேம்படுத்துவது, பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண நிரலில் உள்ள விடயம். ஆனால் 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. இந்தத் தீர்மானங்கள் எடுக்கப்பட்டபோது கேள்வி கேட்க அவையே இருக்கவில்லை.

2025 ஓகஸ்டில் மன்னாரில் நடந்தவையும் இங்கு நினைவுகூரத்தக்கவை. மன்னார்த் தீவில் 2020 இறுதியிலேயே முப்பது காற்றாலைகளுடன் தம்பபவனி திட்டம் இயங்கத் தொடங்கியிருந்தது. மேலும் காற்றாலைகளுக்கான பாரிய பாகங்கள் வந்து இறங்கியபோது மக்கள் வீதிக்கு வந்தனர். மழைநீர் வடிவதில் தடை, மீன்பிடிக்குப் பாதிப்பு, கனிய மணல் அகழ்வு பற்றிய அச்சம் ஆகியன அவர்களது முறைப்பாடுகள். பேசாலைக் கத்தோலிக்க மீனவனும் எருக்கலம்பிட்டி முஸ்லிம் வணிகனும் வாழும் தீவு அது. வெள்ளம் வந்தால் இருவரது முற்றத்திலும் ஒன்றாகவே நிற்கும். ஜனாதிபதி ஒரு மாத கால அவகாசம் அளித்து வேலையை இடைநிறுத்தினார். அது முடிந்ததும் செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்புடன் பாகங்கள் மீண்டும் நகர்த்தப்பட்டன. மோதல் ஏற்பட்டது; மன்னாரில் ஹர்த்தால் நடந்தது. கிடைத்த ஒரு மாதம் மக்களை இணங்கவைக்கும் மாதமாகப் பயன்படவில்லை என்பதே நமது துயரம்.

ஆகவே நமது மக்கள் பிரதிநிதிகளிடம் சில விடயங்களை வலியுறுத்துகிறோம். சக்தி தொடர்பான எந்தச் சட்டமூலத்திலும் தாம் எப்படி வாக்களித்தோம், ஏன் அப்படி வாக்களித்தோம் என்பதை அவர்கள் தமது தொகுதிக்கு வந்து தமிழில் விளக்க வேண்டும். வாக்கெடுப்பு வேளையில் அவையில் இல்லாதிருப்பதும் ஒரு நிலைப்பாடுதான். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிரதேசத்தில் காற்றாலையோ சூரியமின் பூங்காவோ அமையுமானால் அதன் வருமானத்தில் அப்பிரதேச சபைக்கும் கிராமத்துக்கும் நிரந்தரப் பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை தமிழில், கையெழுத்து இடப்படுவதற்கு முன்னர் மக்கள் கையில் இருக்க வேண்டும். குறைந்த அலகுகளைப் பாவிக்கும் குடும்பத்தின் மீது சீர்திருத்தத்தின் சுமையை முதலில் ஏற்றும் கட்டணக் கொள்கையை அவர்கள் எதிர்க்க வேண்டும்.

வாக்காளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஐந்து ஆண்டுகள் பேசாதிருந்துவிட்டு ஒருநாள் கோபத்தை மட்டும் பெட்டியில் இடுவது ஆளை மாற்றும்; சட்டத்தை மாற்றாது என்பதைக் கண்டோம். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, பழைய சட்டத்தில் எந்தப் பிரிவை நீக்குவீர்கள், எதை வைத்திருப்பீர்கள், கட்டணத்துக்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டறிந்து, சொன்னதைக் குறித்துவைக்க வேண்டும். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் தனித்தனியே கேட்பதைவிட ஒன்றாகக் கேட்டால் அக்குரலை ஒதுக்குவது எவருக்கும் எளிதல்ல.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னிலைக்கு வந்தது. ஆறு மாதங்களுக்கு முன்னர் அளித்த நம்பிக்கையை மக்கள் மீளாய்வு செய்யத் தயங்கவில்லை என்பதே அதன் செய்தி. முன்னர் இருந்தவர்களைத் தராசில் நிறுத்த அதே மக்கள்தான், இப்போது இருப்பவர்களையும் நிறுக்கப்போகிறார்கள். அடுத்த சட்டமூலத்துக்குக் கை உயர்த்துவதற்கு முன்னர், நமது பிரதிநிதிகள் கட்சித் தலைமையின் முகத்தைப் பார்ப்பார்களா, அல்லது மாத இறுதியில் மின்கட்டணப் பட்டியலைக் கையில் பிடித்து நிற்கும் குடும்பத்தை நினைப்பார்களா?