வியாதியஸ்தரின் வார்த்தைக்குச் செவிகொடுக்கும் மருத்துவர்



கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வடக்கே சென்றால் சயான். அங்கே லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. தெற்கே சென்றால் பரேல், அங்கே கே.இ.எம். மருத்துவமனை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில், இவ்விரண்டில் ஒன்றின் வாசலை மிதியாத குடும்பம் அரிது. இவை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்தவை என்பதையும் நாம் அறிவோம். பரேலிலுள்ள சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி 1926-ஆம் ஆண்டிலும், சயானிலுள்ள கல்லூரி 1964-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. வெள்ளை அங்கி அணிந்து நம் கட்டிலருகே நிற்கும் வாலிபர் பலர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறவர்களே. ஆகையால் அவர்கள் என்ன கற்கிறார்கள் என்பது நம்மையும் சேர்ந்த காரியம்.

தாராவியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் வாழும் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பல வாரங்களாக இருமல். கேஸ் பேப்பர் எடுத்து, நெடுநேரம் வரிசையில் நின்று, மருத்துவர் முன் வந்து அமருகிறாள். அவர் இந்தியில் கேட்பது அவளுக்குப் பாதிதான் புரிகிறது. தலையை மட்டும் அசைக்கிறாள். பரிசோதனையில் காசநோய் என்று தெரிகிறது. ஆறு மாதம் மாத்திரை உட்கொள்ளவேண்டும் என்று சொல்லுகிறார்கள். ஏன் ஆறு மாதம் என்பதை யாரும் விளக்கவில்லை. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, உடல் தேறுகிறது. சுகமாயிற்று என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். உள்ளே மீந்திருக்கும் கிருமிகளோ மருந்துக்கு அடங்காத கிருமிகளாய் மறுபடியும் எழும்பக்கூடும்; அதே அறையில் உறங்கும் பிள்ளைகளையும் தொற்றக்கூடும். மருந்து சரியானது, மருத்துவரின் அறிவிலும் பழுதில்லை. இரண்டு நிமிட விளக்கம் இல்லாமற்போனதே ஒரு குடும்பத்தின் துன்பமாகிவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். வியாதியஸ்தர் தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். நூற்றுக்கு 23 பேரே சொல்லவந்ததை முழுவதும் சொல்லி முடித்தார்கள். 2017-ஆம் ஆண்டு 67 நாடுகளைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு, முதல்நிலை மருத்துவத்தில் ஒருவரைப் பார்க்கும் நேரம் சுவீடனில் 22 நிமிடங்களுக்கு மேல் என்றும், வங்காளதேசத்தில் 48 வினாடிகள் என்றும் கூறிற்று. நம் இந்தியாவின் கணக்கு ஏறக்குறைய 2 நிமிடங்கள்.

“வரிசை வாசல்வரை நிற்கையில் மருத்துவர் என்ன செய்வார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆகிலும் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வைக் கவனியுங்கள். குறுக்கீடின்றிப் பேசவிடப்பட்டவர்கள், குறுக்கிடப்பட்டவர்களைவிடச் சராசரியாக 6 வினாடிகளே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். ஆறே வினாடிகள்! நேரமின்மை மெய்யான தடைதான். ஆனால் பொறுமையாய்க் கேட்பதற்கு நாம் நினைக்குமளவு நேரம் தேவைப்படுவதில்லை.

இவ்விதமாய்க் கேட்பதும் பேசுவதும் பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கும் குணம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. மூத்த மருத்துவரின் பின்னே வார்டில் சுற்றிவந்தால் தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். மூத்தவர் அன்புள்ளவராயிருந்தால் அன்பைக் கற்றார்கள். கடிந்துகொள்பவராயிருந்தால் கடிந்துகொள்ளவே கற்றார்கள். இப்பொழுதோ அது பாடமாயிற்று. இந்திய மருத்துவக் கவுன்சில் மனப்பான்மை, நெறிமுறை, தொடர்புத்திறன் ஆகிய மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ என்னும் பாடத்தொகுப்பை வகுத்தது. 2019-ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து அது நாடெங்கும் கட்டாயமாயிற்று. 2020 செப்டம்பரில் அக்கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொடர்ந்தது.

அந்தத் தொகுப்பின் முதலாண்டுப் பாடங்கள் நம் இருதயத்தைத் தொடுகின்றன. மருத்துவராயிருப்பது என்றால் என்ன என்பது முதற்பாடம். வியாதியஸ்தராயிருப்பது என்றால் என்ன என்பது இரண்டாம் பாடம். உடற்கூறு கற்க மேசையில் கிடத்தப்பட்டிருக்கும் உடலையே முதல் ஆசிரியராக மதிக்கும்படி ஒரு பாடம் உண்டு. பொறுமையோடும் மரியாதையோடும், அச்சுறுத்தாமலும், குற்றந்தீர்க்காமலும் வியாதியஸ்தரோடு பேச அறிந்திருக்கவேண்டும் என்பது மாணவர் அடையவேண்டிய தகுதிகளில் ஒன்று.

இதை எப்படிக் கற்பிக்கிறார்கள்? ஒரு மாணவர் மருத்துவராகவும், மற்றொருவர் வியாதியஸ்தராகவும் அமர்ந்து பேசிப் பழகுகிறார்கள். சுற்றியிருப்போர் கவனித்துக் குறைநிறை சொல்லுகிறார்கள். 1963-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், வியாதியுள்ளவர்போல் நடிக்க ஒருவரைப் பயிற்றுவித்து, மாணவரைச் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அது உலகெங்கும் கையாளப்படுகிறது. உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் தவறு செய்து திருந்திக்கொள்வது எத்தனை நலம்!

துக்கச்செய்தி சொல்லுவதற்கும் முறை உண்டு. 2000-ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்கள் ஆறு படிகளை வகுத்து வெளியிட்டார்கள். தனிமையான இடத்தில் அமருவது, அவர் ஏற்கெனவே அறிந்திருப்பதைக் கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்லுவது, அழுகைக்கு இடங்கொடுப்பது, இனிச் செய்யவேண்டியதை அவரோடு சேர்ந்து தீர்மானிப்பது. வராந்தாவில் நின்றபடி, “இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்” என்று சொல்லக்கேட்ட குடும்பங்கள் இந்த ஆறு படிகளின் அருமையை அறியும்.

பேச்சு குறைந்த இடத்தில் சந்தேகம் வளர்கிறது; சந்தேகம் முற்றினால் கை ஓங்குகிறது. 2017 மார்ச் மாதத்தில் சயான் மருத்துவமனையிலும் மகாராஷ்டிராவின் வேறு இடங்களிலும் பயிற்சி மருத்துவர்கள் உறவினரால் தாக்கப்பட்டார்கள். மாநிலமெங்கும் அவர்கள் பணியை விட்டு விலகி நின்றார்கள். அந்நாட்களில் சிகிச்சையின்றித் தவித்தவர்கள் ஏழைகளே. அடித்தவர்களை நியாயப்படுத்த முடியாது. இரவுபகல் உறங்காமல் உழைக்கும் அந்த வாலிபரும் நம்மைப்போலவே ஊரை விட்டு வந்த ஒரு தாயின் பிள்ளையாயிருக்கலாம்.

மொழியின் காரியம் நமக்கு விசேஷமானது. அகில இந்திய ஒதுக்கீட்டினால் பிற மாநில மாணவர்களும் மும்பைக்கு வருகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தொடக்கப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட 175 மணி நேரத்தில் 40 மணி நேரம் மொழிக்கும் கணினிக்கும் உரியது. அதில் வட்டார மொழியாகிய மராத்தியை ஓரளவு பழகலாம். தமிழைப் பழக வாய்ப்பில்லை. ஆகவே பாலம் கட்டும் வேலையில் நமக்கும் பங்குண்டு. சிலவற்றைக் கவனமாய்க் கைக்கொள்ளுங்கள்.

1. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதேயுங்கள். தாயின் மறைவான வியாதியைப் பத்து வயதுச் சிறுவன் எப்படிச் சொல்லுவான்? தாயும் அவன் முன் எப்படி வாய் திறப்பாள்? இந்தியோ மராத்தியோ அறிந்த சகோதரி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

2. மொழிபெயர்ப்பவர் தம் கருத்தைச் சேர்க்கவேண்டாம், எதையும் மறைக்கவேண்டாம். இரு தரப்பும் சொன்னதை முழுமையாகச் சொல்லவேண்டும். கேட்டதை வெளியே பேசவும் வேண்டாம்.

3. முக்கியமான குறையை முதலில் சொல்லுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள்.

4. புறப்படுமுன், “நான் புரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன், சரிதானா என்று பாருங்கள்” என்று திருப்பிச் சொல்லுங்கள். எத்தனை நாள், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

5. கையெழுத்திடுமுன் கேளுங்கள். சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்தபின் தரும் சம்மதமே சம்மதம் என்று 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

6. ஜெபித்தபின் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதேயுங்கள். பரியாசம் பண்ணுவார் என்று அஞ்சி மறைத்தால், மருந்து பலிக்கவில்லை என்று அவர் தவறாய் எண்ணி, வேறு கடுமையான மருந்தைத் தரக்கூடும். குற்றந்தீர்க்காமல் கேட்கவே இன்றைய மாணவர் கற்பிக்கப்படுகிறார். உண்மையைச் சொல்லி அதற்கு இடங்கொடுங்கள்.

நம் சபைகளில் பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைத்திருக்கும் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்பதோடு நின்றுவிடாமல், இன்று வார்டில் யாரோடு பேசினாய், அவர் என்ன சொன்னார் என்றும் கேளுங்கள். வீட்டில் பாட்டியின் முழங்கால் வலியை ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் பேசும் தமிழ் சயான் வார்டில் ஒரு தாயின் பயத்தைத் தீர்க்கும் மருந்தாகும் என்று எடுத்துச்சொல்லுங்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் மும்பையில் வளர்ந்த பிள்ளையானாலும், “எங்கே வலிக்குதும்மா?” என்று கேட்க அவனால் முடியுமே!