ஆவிக்கும் வரியா?

வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்பது மக்கள் இயல்பு. ஆயினும் எம் இல்லத்தரசிகள் மனமார வரவேற்கும் வரி ஒன்றுண்டு. சிகரெட்டின் மீது விதிக்கப்படும் வரியே அது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டக் காலம் நெருங்கும்போது, சிகரெட்டின் விலை இம்முறை எவ்வளவு ஏறும் என்ற பேச்சு பிலிமத்தலாவைத் தேநீர்க் கடைகளிலும் எழாமற் போவதில்லை. அப்பேச்சுடன் சேர்த்துச் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இளைஞர் ‘வேப்’ என்று அழைக்கும் இலத்திரனியல் சிகரெட்டுக்கும் வரி விதிக்கலாமா? விதித்தால் அதனைப் பாவிப்போருக்கு யாது நேரும்?

இக்கருவியைக் கண்டிராத தாய்மாருக்காக முதலில் சில வார்த்தைகள். பேனாவைப் போன்ற ஒரு சிறு குழல். அதனுள்ளே ஒரு மின்கலம், சூடேறும் ஒரு கம்பிச்சுருள், சிறிதளவு திரவம். திரவத்தில் கிளிசரின் முதலியவற்றுடன் பழவாசனையும் பெரும்பாலும் நிக்கோட்டினும் கலந்திருக்கும். சூட்டினால் எழும் ஆவியை உள்ளே இழுக்கின்றனர். சாம்பல் இல்லை, தீக்குச்சி இல்லை, சட்டையில் ஒட்டும் புகை நாற்றமும் இல்லை. மகன் புகைக்கிறான் என்பதைத் தந்தைக்குக் காட்டிக்கொடுத்த பழைய அடையாளங்கள் யாவும் இங்கே மறைந்துவிட்டன.

இதன் பாவனையாளர் ஒரு வகையினர் அல்லர். முப்பது ஆண்டுகளாகச் சிகரெட் புகைத்து, நெஞ்சு வலிக்கத் தொடங்கியபின் அதனைக் கைவிட வழிதேடும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். சிகரெட்டை ஒருநாளும் தொடாமல், நண்பன் நீட்டிய மாம்பழ வாசனையில் மயங்கிய பதினேழு வயது மாணவன் மற்றவன். முன்னவர் சிகரெட்டை முற்றாக விட்டு இதற்கு மாறுவாராயின், தாரும் காபன் மொனொக்சைட்டும் அவர் உடலிற் சேர்வது பெரிதும் குறையும். பின்னவனுக்கோ இது புதிதாய்ப் பூட்டிய விலங்கு. மனித மூளை ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை வளர்ச்சியடைகிறது. அவ்வளர்ச்சிக் காலத்தில் நிக்கோட்டின் பழக்கம் எளிதில் வேரூன்றும். ஒரே வரி இவ்விருவர் மீதும் விழும்; ஆனால் ஒரே விதமாய் விழாது.

இனி எமது நாட்டின் நிலையை நோக்குவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003ஆம் ஆண்டு நவம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடைசெய்தது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியான ஒழுங்குவிதிகள், புகையற்ற புகையிலைப் பொருட்களோடு புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளையும் தடைப் பட்டியலிற் சேர்த்தன. ‘புகையிலை அடங்கிய’ என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குழலினுள் இருக்கும் திரவத்தில் புகையிலைத் துண்டு எதுவும் கிடையாது. நிக்கோட்டின் மட்டுமே உண்டு. இலையின்றியே ஆய்வுகூடத்தில் நிக்கோட்டினை ஆக்கவும் இன்று வழியிருக்கிறது. சட்டத்தின் சொல் எங்கே இடைவெளி விடுகிறதோ, அங்கே வணிகன் நுழைவான் அன்றோ?

தடைசெய்த பொருளுக்கு வரி வாங்க இயலாது. ஆதலால் சிகரெட்டின் வரி மட்டுமே ஏறுகிறது. பிரயாணப் பொதிகளில் ஒளித்துக் கொண்டுவரப்படும் வேப் வரியின்றி, வயது கேட்போருமின்றிக் கைமாறுகிறது. கொழும்பு - கண்டிப் பெருவீதி எம்மூரின் நடுவே செல்கிறது. தலைநகரில் இன்று விற்கும் பொருள் நாளை இங்கு வந்து சேரத் தடையேது? சிகரெட்டின் விலை ஏற ஏற, வரி செலுத்தாத இப்பொருள் மலிவாகத் தோன்றும்.

விலை மனிதரைத் தடுக்கும் விதமும் இரண்டிலும் வேறானது. எம்மூர்ப் பெட்டிக்கடைகளில் சிகரெட்டை ஒவ்வொன்றாக வாங்குவோரே அதிகம். ஒவ்வொரு முறையும் சட்டைப்பையிற் கைவைக்கும்போது விலை உறுத்துகிறது. வேப் அவ்வாறன்று. ஒருமுறை பணங் கொடுத்தால் பல நாட்கள் நிற்கும். ஒருவன் வாங்கியதை நால்வர் இழுப்பர். எனவே சிகரெட்டுக்குப் பயன்பட்ட வரிமுறையை அப்படியே பெயர்த்து இதன்மேல் வைத்தால் அதே பயன் கிட்டுமென எண்ணலாகாது.

பிற நாடுகள் செய்தது யாது? எம்மவர் பலர் குடியேறியுள்ள கனடா 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் இத்திரவத்தின் மீது வரி வாங்குகிறது. பிரித்தானியாவில் நிக்கோட்டினின் செறிவுக்கேற்ப மூன்று படிகளில் வரி விதிக்கலாமென 2024 மார்ச்சில் முன்மொழிந்தனர். பின்னர் அதனைக் கைவிட்டு, 2026 ஒக்டோபர் 1 முதல் பத்து மில்லிலீற்றருக்கு 2 பவுண் 20 பென்ஸ் என ஒரே வீதத்தைத் தீர்மானித்தனர். அதே நாளில் நூறு சிகரெட்டுக்கும் 2 பவுண் 20 பென்ஸ் வரி கூடுமென அறிவித்தனர். ஆவியின் விலை ஏறியதைக் கண்டு எவரும் மீண்டும் தீயை நாடிவிடக் கூடாதென்பதே இதன் நோக்கம்.

அவ்வச்சம் வீணானதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2013 முதல் மொத்த விலையில் 95 வீதம் வரி விதிக்கப்பட்டது. அங்கே சிகரெட்டைக் கைவிடும் வயதுவந்தோரின் தொகை அவ்வரியினாற் குறைந்ததென 2020இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று கண்டது. நாம் முன்னர் கூறிய ஐம்பது வயதுக்காரரை இங்கே நினைவுகூர்க.

மாணவனுக்கு நேரக்கூடியதை மலேசியா காட்டுகிறது. அங்கே நிக்கோட்டின் கலந்த திரவம் நஞ்சுகள் சட்டத்தின் கீழ் இருந்தது. மருத்துவரும் உரிமம் பெற்ற மருந்தாளருமே அதனை விற்கலாம். மில்லிலீற்றருக்கு 40 சென் வரி வாங்கும் பொருட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அது நஞ்சுப் பட்டியலினின்று விலக்கப்பட்டது. சிறுவருக்கு விற்பதைத் தடுக்கும் புதிய சட்டமோ 2024 ஒக்டோபர் 1இலேயே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்கள், விற்பனையில் வயதைக் கேட்கும் நாடளாவிய சட்டம் எதுவும் இருக்கவில்லை. வரி முந்திக்கொண்டது, காவல் பிந்திவிட்டது.

அப்படியாயின் முழுத்தடையே சிறந்ததன்றோ என வாசகர் வினவலாம். இந்தியா 2019இல் அவ்வழியையே தேர்ந்தது. முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் அங்கே விதிக்கப்படலாம். தடை நல்லதே, ஆனால் அதனைக் காக்கும் கைகளும் வேண்டும். எம் நாட்டில் தடைசெய்யப்பட்ட மாவாவும் பாபுலும் இன்னமும் பிடிபடுவதைச் செய்தித்தாள்களிற் காண்கிறோம். கள்ளச் சந்தைத் திரவத்தில் என்ன கலந்துள்ளதென எவரறிவார்? அமெரிக்காவில் 2019-20இல் வேப் பாவித்தோரிடையே பரவிய நுரையீரல் நோயினால் 2,800க்கு மேற்பட்டோர் வைத்தியசாலை சேர்ந்தனர். 68 பேர் மாண்டனர். கஞ்சாச் சாறு கலந்த திரவங்களிற் சேர்த்த விற்றமின் ஈ அசற்றேற்றே அதற்குப் பெருங்காரணம் எனப்பட்டது. அத்தகைய திரவங்களைப் பலர் முறையான கடைகளில் வாங்கியிருக்கவில்லை.

ஆகவே எமது கருத்து இதுவே. முதலிற் சட்டத்தின் சொற்கள் திருத்தமுற வேண்டும். நிக்கோட்டின் எங்கிருந்து வந்ததாயினும் அது சட்டத்துள் அடங்க வேண்டும். அடுத்து, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் கடைவீதியிலும் காவல் வேண்டும். அதன் பின்னரே வரி. தடையை நீக்கி வரி விதிக்கும் நாளொன்று வருமாயின், வயதெல்லை அதே நாளில் வரட்டும். சிகரெட்டின் வரி எப்போதும் ஆவியின் வரியிலும் மேலாக நிற்கட்டும். கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு, புகையை விட விரும்புவோருக்கு மருத்துவ உதவியாகத் திரும்பட்டும். வருமானத்தைக் கருதி மட்டும் தடையை நீக்குவது, வேலியை விற்றுப் பயிருக்கு உரம் வாங்குவதை ஒக்கும்.

பெற்றோர்களே, சட்டம் திருந்தும்வரை நாம் கைகட்டியிருக்கலாகாது. பிள்ளையின் பையில் புதியதொரு குழலைக் கண்டால் அடிக்கக் கையோங்காதீர். அருகிருத்தி, அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாய் இழுக்கிறாய் எனப் பரிவோடு கேளுங்கள். அச்சத்தால் ஒளிக்கும் பிள்ளைக்கு உதவுவது அரிது. மாணவத் தம்பிமாரே, தங்கைமாரே, நண்பன் நீட்டும் முதல் இழுப்புக்கு விலையில்லை; வரியுமில்லை. அதனை மறுக்கவேண்டியவர் நிதியமைச்சர் அல்லர், நீங்களே.