வரலாற்று வகுப்பிலே நரக உபதேசம்!

வரலாறு கற்பிக்க வந்தவர் நரகத்தைக் காட்டி மிரட்டினார்! நடந்தது அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலம், கியர்னி நகரத்து அரசுப் பள்ளியில், ஆண்டு 2006. ஏசுவை ஏற்காதவருக்கு நரகமாம். நோவாவின் பேழையில் டைனோசரும் ஏறியதாம். பரிணாமக் கொள்கை அறிவியலே அல்லவாம்!

16 வயது மாணவன் ஒருவன் எதிர்க்கேள்வி கேட்டான். பேச்சை ஒலிப்பதிவும் செய்தான். தலைமையாசிரியர் முன்னிலையில், அப்படிப் பேசவில்லை என்று மறுத்தார் ஆசிரியர். ஒலித்தட்டை எடுத்து நீட்டினான் பிள்ளை!

பாராட்டா குவிந்தது, தோழர்களே? கொலை மிரட்டல் வந்தது! பள்ளி வாரியமோ, ஆசிரியர் அனுமதியின்றி வகுப்பில் ஒலிப்பதிவு செய்யக்கூடாதென்று தடை போட்டது. திருடனை விட்டுவிட்டு விளக்குப் பிடித்தவனைக் கட்டிப்போட்ட கதை!

வீட்டிலே ஓதட்டும், தேவாலயத்திலே போதிக்கட்டும். அது அவரவர் உரிமை. அரசுப் பள்ளியோ எல்லா மதத்தாரும், மதமே வேண்டாதாரும் தரும் வரிப்பணத்தில் நடப்பது. மதிப்பெண் போடும் கையே நரகத்தையும் காட்டினால், எந்த மாணவன் வாய் திறப்பான்?

ஒருவன் திறந்தான். 2007 மே மாதம் வாரியம் இறங்கி வந்தது; அரசு வேறு, மதம் வேறு என்பதை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விளக்கப் பயிற்சி தர ஒப்புக்கொண்டது.

அத்தகைய பிள்ளை எந்த ஊரில் எழுந்தாலும், எந்த மதத்தை நோக்கிக் கேட்டாலும், நாம் நிற்க வேண்டிய இடம் அவன் பக்கமே!