இருமொழித் தாளில் ஒருமொழித் தீர்ப்பு

திருப்பெரும்புதூர் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வரை விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் போய்த் தொழிலகங்கள் எழுந்துள்ளன. அங்கே இரவும் பகலும் மாறி மாறி முறைப்பணி பார்க்கும் தமிழ்த் தொழிலாளியின் பிள்ளை அரசுப் பள்ளியில் தமிழில் படிக்கிறது, மருத்துவராக விரும்புகிறது. அந்த விருப்பத்தை விலையாக்கத் தெரிந்த தனிப்பயிற்சிக் கடைகள், ‘தேர்வின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று அழைக்கின்றன. புரிந்துகொள்ள வேண்டியதுதான். அக்கடைகள் வாய்திறவாத பகுதியையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் வினாக்கள் 180. இயற்பியலுக்கு 45, வேதியலுக்கு 45, உயிரியலுக்கு 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறைப்பு. எழுதாது விட்டால் ஏதுமில்லை. ஆக 720. அதற்கு 180 மணித்துளி. வினா ஒன்றுக்கு மணித்துளி ஒன்று. விடைத்தாளின் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். 13 மொழிகளில் நடத்துகிறோம், தமிழும் உண்டு என்று பெருமை வேறு!

அந்தத் தமிழுக்கு என்ன மதிப்பு? தமிழைத் தேர்ந்த மாணவர்க்குத் தரப்படுவது இருமொழித்தாள். ஒவ்வொரு வினாவும் ஆங்கிலத்திலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். இரண்டுக்கும் பொருள் முரண்பட்டால் ஆங்கிலமே முடிந்த முடிபு என்று நெறிமுறையில் எழுதி வைத்துள்ளனர். இந்த ஒரு வரிதான் தேர்வின் உண்மையான அமைப்பு. ஆங்கிலத்தில் இருப்பது வினா. தமிழில் இருப்பது அதன் நிழல். நிழல் கோணினால் தண்டம் நிழலைப் படித்த பிள்ளைக்கு! ஆங்கிலவழி மாணவி ஒருமுறை படித்தால் போதும். தமிழ்வழி மாணவி தமிழில் படித்து, ஐயுற்று, ஆங்கிலத்தோடு ஒத்துப் பார்த்து, அதன்பின் விடை தேர வேண்டும். அவளுக்கும் அதே ஒரு மணித்துளிதான். ஒத்துப் பார்க்கும் அளவுக்கு ஆங்கிலம் கைவந்தவளாயின், அவள் தமிழ்த்தாளை ஏன் கேட்கப் போகிறாள்?

வீண் அச்சம் என்பார்க்கு 2018ஆம் ஆண்டே விடை. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் அவ்வாண்டு மே 6 அன்று நடத்திய தேர்வில், தமிழில் 49 வினாக்கள் பிழைபட்டன என்று வழக்கு எழுந்தது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது. அது விலங்கா, பழமா என்று பிள்ளை திகைத்து நிற்கக் கடிகாரம் நிற்குமா? கணக்கிட்டுப் பார்க்க: 49 வினாவுக்கு 196 மதிப்பெண். பிழைத்தமிழை நம்பி அத்தனைக்கும் தவறாக விடையளித்தால் இன்னும் 49 குறையும். ஆக 245, 720இல் மூன்றிலொரு பங்குக்கும் மேல்.

சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2018 சூலை 10 அன்று, தமிழில் எழுதியோர்க்கு 196 மதிப்பெண் வழங்கச் சொல்லிற்று. வாரியம் தில்லிக்கு ஓடிற்று. பத்தே நாளில் உச்சமுறைமன்றம் தடை விதித்தது. நவம்பரில் அத்தீர்ப்பே நீக்கப்பட்டது. எல்லார்க்கும் ஒரே அளவாய் 196 கொடுத்தால், சரியாக விடையளித்தவரும் கூடுதல் பெறுவர் என்னும் தடையில் பொருத்தம் இல்லாமலில்லை. அப்படியானால் சரியான ஈடு எவ்வளவு? தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடைசியில் கிட்டியது சுழியம்.

உலக வணிகத்துக்கு ஆங்கிலமே வழி என்போர், பெங்களூர்ச் சாலையில் இருங்காட்டுக்கோட்டையை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். அங்கே 1998 முதல் சீருந்து செய்யும் ஊண்டாய் கொரிய நாட்டு நிறுவனம். அந்நாட்டில் கல்லூரி புகுவோர் எழுதும் ‘சுனுங்’ என்னும் பொதுத்தேர்வில் கணக்கும் அறிவியலும் கொரிய மொழியில் கேட்கப்படுகின்றன. ஆங்கிலம் அங்கே ஒரு பாடம், அவ்வளவே. அப்பாடத்தைக் காதால் கேட்டு விடையளிக்கும் வேளையில், இரைச்சல் இடையூறாகாதபடி வானூர்திகளையே நிறுத்தி வைக்கிறார்கள். கொரிய வினாவில் ஐயம் வந்தால் ஆங்கிலமே முடிபு என்று எழுத அங்கே எவன் துணிவான்? தம் மொழியில் தேர்வெழுதிய நாட்டார் முதலாளிகளாய் வந்திருக்கிறார்கள். தம் மொழி நிழலாக்கப்பட்ட நாட்டார் அவர்தம் பட்டறையில் திருகாணி முடுக்குகிறார்கள்.

பொறியியற் பக்கமும் இதே கதைதான். நடுவண் தொழில்நுட்பக் கழகங்களுக்கான முதற்கட்டத் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடக்கிறது. ஆனால் உள்ளே விடும் மேற்கட்டத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. இந்திக்குத் திறக்கும் கதவு தமிழுக்கு ஏன் திறக்கவில்லை?

நுழைவுத்தேர்வே வேண்டா என்பதுதான் தமிழகத்தின் முடிவு. 2007இல் சட்டத்தால் ஒழித்ததை 2017இல் தில்லி மீண்டும் தலைமேல் ஏற்றிற்று. 2021இல் பேரவை நிறைவேற்றிய விலக்குச் சட்டவரைவுக்கும் இசைவு கிட்டவில்லை. அப்போராட்டம் ஓயக்கூடாது. ஆயினும் இடையில் தேர்வெழுதும் பிள்ளைகளை யார் காப்பது? 2025இல் விடைக்குறிப்பை மறுத்துரைக்க வினா ஒன்றுக்கு 200 உருபா கட்ட வேண்டியிருந்தது. அது திரும்பி வராது. 49 வினாவாயின் 9,800 உருபா. பிழை செய்தவனுக்குச் செலவில்லை. பிழையைச் சுட்டுபவனுக்குத்தான் செலவு!

ஆங்கிலமே முடிபு என்னும் வரி நீக்கப்பட வேண்டும். தமிழும் ஆங்கிலமும் முரண்படும் வினாவுக்கு இரு பொருளின்படியும் விடை ஏற்கப்பட வேண்டும். தமிழ் வினாக்களைத் தமிழகப் பாடநூற் கலைச்சொற்களைக் கொண்டு தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருங்கிருந்து ஆக்க வேண்டும். இம்மூன்றையும் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்த தேர்வின் அறிவிப்பு வெளிவருமுன் தேர்வு முகமைக்கும் தம் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் அனுப்பட்டும். தமிழிலேயே எழுதி அனுப்பட்டும்.