வலது கையில் அம்மா

சித்திரை வெயிலில் ஒருவன் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டு வந்தால், ஒன்று அவன் மெடிக்கல் ரெப். இல்லையென்றால் எதையோ மறைக்கிறான். என் அக்கா பையன் இரண்டாவது ரகம்.

“மாமா, என் வேலை போச்சு” என்று சட்டைக் கையைச் சுருட்டினான். வலது முன்கையின் உள்பக்கம் ‘அம்மா’ என்று டாட்டூ. போன வருஷம் அக்காவின் பிறந்தநாளுக்குக் குத்திக்கொண்டது. அக்கா அவனைத் தெருவில் பத்து வீட்டுக்கு இழுத்துப்போய்க் காட்டிப் பூரித்தாளே, அதே கை!

பயல் மத்திய ஆயுதப் படை கான்ஸ்டபிள் பரீட்சை எழுதியிருக்கிறான் (2024-லிருந்து அதைத் தமிழிலேயே எழுதலாம்). பாஸ். 5 கிலோமீட்டரை 24 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். ஓடிவிட்டான். உயரம் 170 சென்டிமீட்டர், மார்பு 80, மூச்சை இழுத்தால் இன்னொரு 5. எல்லாம் சரி. மிச்சம் மெடிக்கல் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து கிரவுண்டில் ஒரு நண்பன் கையைப் பார்த்துவிட்டு, “மச்சி, ரூல் படிச்சியா?” என்றிருக்கிறான்.

நானும் படித்தேன். சாமி படமோ பெயரோ குத்தியிருந்தால் ஆட்சேபம் இல்லை. அளவு, அந்தப் பாகத்தில் கால்வாசிக்குள் இருக்க வேண்டும். இடம்? முன்கையின் உள்பக்கம், ஆனால் இடது கை மட்டும். ஏனென்றால் சல்யூட் அடிப்பது வலது கை! ஆக, மூன்று சப்ஜெக்ட்டில் பையன் இரண்டில் பாஸ், ஒன்றில் ஃபெயில்.

இந்த வலி எனக்குத் தெரியும். பி.காம். முடித்த கையோடு நானும் ஒரு செலக்‌ஷனுக்குப் போனவன்தான். ஈரக் காலைச் சிமென்ட் தரையில் வைக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு நடுவில் வளைவாக இடம் விட்டுப் பதிந்தது. எனக்கு மட்டும் தோசை ஊற்றினதுபோல முழுசாக. தட்டைப் பாதம்! “அடுத்து” என்றார் டாக்டர். எங்கள் வீட்டிலோ அது லட்சுமி பாதம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.

என் காலாவது பிறவியிலேயே வந்தது. இவன் காசு கொடுத்தல்லவா வாங்கியிருக்கிறான்!

வேடிக்கை என்னவென்றால், ராணுவத்துக்கு இதே கை ஓ.கே. அங்கே இரண்டு முன்கையின் உள்பக்கமும், புறங்கையும் அனுமதி. பழங்குடியினர் வழக்கப்படி குத்திய பச்சைக்குத் தனி விலக்கே உண்டு. “அப்ப அக்னிவீர் ஆயிடேன்டா” என்றேன்.

“நாலு வருஷம் மாமா. அதுக்கப்புறம் நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான் வச்சுக்குவாங்க. மிச்சப் பேர்ல நான் இருந்தா?”

வாயை மூடிக்கொண்டேன். அவன் அப்பா இல்லாத பையன். அக்கா தையல் மெஷின் மிதித்து வளர்த்தவள். அவளுக்கு வேண்டியது மாசா மாசம், ரிடையர் ஆகும்வரை வருகிற சம்பளம். கையை ஏற்றுக்கொள்கிற இடத்தில் வேலை நிரந்தரமில்லை. நிரந்தர வேலை இருக்கிற இடத்தில் கை ஆகாது.

தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். லேசர் ஒளி மையைப் பொடிப்பொடியாக உடைக்குமாம். அதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுமாம். ஒரு தடவையில் தீராது; சில வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை வரணும் என்றார். இந்த மெடிக்கலுக்குள் நடக்காது. அடுத்த வருஷத்துக்குத்தான். குத்த ஆன செலவைவிட அழிக்கப் பலமடங்கு. முதல் தவணையை நான் போடுவதாகச் சொன்னேன். (வீட்டில் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடாதீர்கள்.)

வெளியே வந்ததும் பயல் தயங்கினான். “மாமா, ‘அம்மா’வ அழிக்கப் போறேன்னு அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்.”

ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“என்னடா இந்நேரத்துல?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா... அங்க வெயில் எப்படி?” என்றேன்.