பயன்பாட்டுச் சான்றிதழ்

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் என் தங்கையின் பேத்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எதிர் இலையில் இருந்த உறவினர் ஒருவர் விடவில்லை.

"பாக்டீரியாவுல பிளாஸ்டிக் எடுக்கிறேங்கிற. அப்புறம் நோயைக் கண்டுபிடிக்கிற பயோமார்க்கர்ங்கிற. ரெண்டு தோணியில கால் வெச்சா எப்படிம்மா? இதனால யாருக்கு என்ன பிரயோசனம்?"

அவள் சிரித்துக்கொண்டே பாயசம் ஊற்றச் சொன்னாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பந்தியில் பிரசங்கம் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். அதை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

அது இரண்டு தோணி அல்ல, ஒரே தோணி. இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டம்மாவைக் காப்பாற்றிய தோணியும் அதுதான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாஸ்டரின் படம் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. 1885இல் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மெய்ஸ்தருக்கு அவர் ஊசி போடவைத்த கதையைத் தூக்கத்திலும் ஒப்பிப்போம். ஆனால் மொரீஸ் லெமுவாஞ் என்ற பெயரை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அறுபத்தெட்டு வயதுக்கு மேல் இந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஆங்கில வழி. 'லெமாயின்' என்றாள். உச்சரிப்பைத் திருத்தினேன். விஷயத்தை அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

லெமுவாஞ் பாரிஸில், பாஸ்டர் பெயரால் அமைந்த நிலையத்தில் நொதித்தலை ஆராய்ந்தவர். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தண்ணீரில் விட்டுவைத்தபோது அந்தத் தண்ணீர் புளித்து அமிலமாவதைப் பார்த்தார். என்ன அமிலம் என்று தேடினார். பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரிக் அமிலம். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் இதை மறக்காதீர்கள், திரும்ப வரும். அது எங்கிருந்து வருகிறது என்று தொடர்ந்து தேடியதில், அந்த அமிலத்தின் மூலக்கூறுகள் சங்கிலியின் கண்ணிகளைப் போல வரிசையாகக் கோத்துக்கொண்டு பாக்டீரியாவின் உடலுக்குள் மணிமணியாகச் சேர்ந்திருப்பதை 1920களின் நடுவில் கண்டார். சுருக்கமாகப் பி.எச்.பி. என்கிறார்கள். தீனி ஏராளமாகவும் நைட்ரஜன் போன்ற சத்து குறைவாகவும் இருக்கும் காலத்தில் பாக்டீரியா சேர்த்துவைக்கும் கொழுப்பு அது. நாம் குதிரில் நெல் கொட்டிவைப்பதைப் போல. சில இனங்களில் உலர் எடையில் முக்கால் பங்கு வரைக்கும் இதுவே இருக்கும். வெளியே எடுத்து உருக்கினால் பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் வேறு நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும்.

அன்று யாருக்கும் இது வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, பெட்ரோல் விலை ஏறிய பிறகுதான் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனி இதில் கை வைத்தது. 1990இல் ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாகக் கடைக்கு வந்தது. ஆனால் சாதாரண பிளாஸ்டிக்கை விடப் பல மடங்கு விலை. வியாபாரம் நிற்கவில்லை. கம்பெனி கைமாறிக் கைமாறிப் போனது. இன்றும் விலைதான் முட்டுக்கட்டை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 'பயன் என்ன' என்று கேட்பவர் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்.

போகாதவர்களுக்கு மறுபாதி.

என் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரை. பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும். காய்ச்சலும் வாந்தியுமாக இரண்டு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. மாத்திரையை மட்டும் நான் நேரம் தவறாமல் கொடுத்தேன். ஆபீசில் ரெஜிஸ்தர் எழுதிய பழக்கம், நேரம் தவறாது. விரலில் குத்திப் பார்த்தேன், 190. "இருநூறுக்குக் கீழேதானே இருக்கு, பயப்படாதே" என்றேன். ராத்திரி மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டர் சர்க்கரை எண்ணைப் பார்த்துவிட்டு, "என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க, சீட்டைக் காட்டுங்க ஐயா" என்றார். காட்டினேன். உடனே ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொன்னார். 4.8. சாதாரணமாக 0.6க்குள் இருக்கவேண்டியது, 3 தாண்டினாலே ஆபத்து. அந்த மாத்திரை சர்க்கரையை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் சர்க்கரை எண் பொய் சாட்சி சொல்லும். உடம்பு உள்ளே அமிலத்தில் முழுகிக்கொண்டிருக்கும். 2015லேயே அமெரிக்க மருந்துத் துறை இதை எச்சரித்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது. இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றி ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நலம் விசாரிக்க வந்த பேத்தி டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்துவிட்டு, "தாத்தா, ஆயாவைக் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? என் ஃபிளாஸ்க்ல இருக்கிற சரக்குதான்" என்றாள்.

அன்று அளந்த கீட்டோனின் பெயர் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட். லெமுவாஞின் சங்கிலியில் ஒரு கண்ணி. 1884லேயே சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் கண்டுபிடித்திருந்தார்கள். பாக்டீரியாவில் அது சேமிப்பு. கொழுப்பை எரித்துத் தவிக்கும் மனித உடம்பில் அது அபாயச் சங்கு. பொருள் ஒன்றே.

இன்னும் கேளுங்கள். பி.எச்.பி.யைத் தின்னும் ஒரு பாக்டீரியாவுக்கு லெமுவாஞின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தின்பது என்றால் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுப்பது. அப்படி அறுத்த கண்ணியைக் கையாள அதற்கு ஒரு நொதி வேண்டும். ரத்தத்தில் கீட்டோனை அளக்கும் பரிசோதனையில் வேலை செய்வது அந்த வகை நொதிதான். அதை எடுக்கும் பாக்டீரியாக்களில் அவர் பெயர் தாங்கியதும் ஒன்று. பிளாஸ்டிக்கை எது தின்கிறது என்று யாரோ மண்ணைக் கிளறியதன் பலன், ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தத்தில் வந்து நிற்கிறது.

இப்போது என் பாவமன்னிப்பு. அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். மானியம் வாங்கியவர் பயன்பாட்டுச் சான்றிதழ் தரவேண்டும், தராவிட்டால் அடுத்த தவணை கிடையாது. பணம் எங்கே போனது என்று கேட்பது சரி. மக்கள் பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. ஒரு தடவை ஆய்வகத்துக்குக் கண்ணாடிச் சாமான் கேட்டு வந்த கோப்பின் ஓரத்தில், 'இந்த ஆய்வினால் உடனடிப் பயன் என்ன?' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அது திரும்பி வரவேயில்லை. அன்றைக்கு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கேள்வியை 1926இல் லெமுவாஞிடம் கேட்டிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்? 'சுமார் நூறு வருஷம் கழித்துப் புதுச்சேரியில் ஒரு பாட்டிக்கு உதவும்' என்றா? பணத்துக்குக் கணக்குக் கேட்கலாம். கண்டுபிடிப்புக்குத் தவணை குறிக்கக் கூடாது. என் கருத்து இவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கு 'லெசோன் தெ ஷோஸ்' என்று பெயர், அதாவது பொருள்கள் சொல்லும் பாடம். ஒரு இலையையோ கல்லையோ மேசைமேல் வைத்துவிட்டு, "என்ன பார்க்கிறாய்?" என்று வாத்தியார் கேட்பார். எதற்கு உதவும் என்று முதலில் கேட்டதேயில்லை. உங்கள் வீட்டிலும் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை இருந்தால், அடுத்த பந்தியில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடிந்தால், வாந்தி, விரதம், ஆபரேஷன் என்று சாப்பாடு நிற்கும் நாளில் என்ன செய்வது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப்போல எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்காதீர்கள்.